அம்மாவின் ரிப்போர்ட்டில் "ஈபிவி ரியாக்டிவ்": தூங்கும் வைரஸ் எழுந்தால் கேன்சரா?

சிப்புட்மகன் | திங்கள், இரவு 9.12

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் ஒரு தனியார் நிறுவனம் வந்து ரத்தம் எடுத்தது. சர்க்கரை, கொழுப்பு, கிட்னி, அதோடு கேன்சர் மார்க்கர் என்று ஒரு பேக்கேஜ். அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் போய் வந்தார்கள். அம்மாவுக்கு 58 வயது. தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை ரப்பர் பால் வெட்டியவர்.

ரிப்போர்ட்டில் ஒரு வரி மட்டும் சிவப்பு எழுத்தில் இருக்கிறது: "ஈபிவி விசிஏ ஐஜிஏ: ரியாக்டிவ்". கீழே பொடி எழுத்தில் மூக்குத்தொண்டைப் புற்று என்று போட்டிருக்கிறார்கள். ரிப்போர்ட்டை விளக்கிய பெண், "இந்த வைரஸ் உங்க உடம்புல தூங்குது ஆன்ட்டி, எழுந்துச்சின்னா கேன்சர்" என்று சொல்லி, வைரஸைக் கழுவி எடுக்கும் மாத்திரை என்று ஒரு டப்பாவையும் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார். சோறு இறங்கவில்லை.

இது உண்மையா? கழுவி எடுக்க மருந்து இருக்கிறதா?

கோலகங்சார்க்காரன் | திங்கள், இரவு 9.30

இதே மாதிரி ஒரு கும்பல் எங்கள் கோயில் மண்டபத்துக்கும் வந்தது. டப்பாவை மட்டும் வாங்காதீர்கள். மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நுண்ணுயிர்த்தம்பி | திங்கள், இரவு 10.47

அண்ணே, முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். ஈபிவி என்றால் எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஹெர்பிஸ் குடும்பம். உலகத்தில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் இது இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அநேகமாக இருக்கும். எச்சில் வழியாகப் பரவும், நம் பக்கத்தில் பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றிவிடும். ஒரு தடவை வந்தால் ஆயுசுக்கும் போகாது.

1964-ல் அந்தோனி எப்ஸ்டீன், பர்ட் அச்சோங், இவோன் பார் மூவரும் கண்டுபிடித்தார்கள். உகாண்டாவில் குழந்தைகளுக்கு வந்த தாடைக் கட்டியிலிருந்து துண்டு எடுத்து லண்டனுக்கு அனுப்பி, அதில் வளர்த்த செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது. மனிதப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்டது என்று முதன்முதலில் தெரிந்த வைரஸ் இதுதான். (அச்சோங் டிரினிடாட்காரர். பெயரில் பாதிப் புகழ்கூட அவருக்குக் கிடைக்கவில்லை, பாவம்.)

அந்தப் பெண் சொன்னதில் தூங்குகிறது என்பது ஓரளவு சரி. எழுந்தால் கேன்சர் என்பதுதான் தலைகீழ்.

இந்த வைரஸுக்கு இரண்டு வகை வாழ்க்கை. ஒன்று, முழுசாக எழுந்து தன்னைத்தானே பெருக்குவது. அப்போது அதன் 80-க்கு மேற்பட்ட மரபணுக்களில் பெரும்பாலானவை திறக்கும், புது வைரஸ் வெளியே கொட்டும், அந்த செல் செத்துப்போகும். செத்த செல் கட்டியாக வளர முடியாது. இன்னொன்று, மறைந்திருப்பது. செல் உயிரோடு இருக்கும். வைரஸின் டிஎன்ஏ வளையமாகச் சுருண்டு செல்லின் உட்கருவுக்குள் கிடக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது அதுவும் கூடவே பிரதியாகும். இந்த நிலையில் திறந்திருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய மரபணுக்கள்தான். புற்றுநோய் செல்லில் நாம் பார்ப்பது இந்த மறைந்த நிலையைத்தான். ஆகவே "தூங்குகிறதா, எழுந்ததா" என்று கேட்பதைவிட, தூங்குகிற மாதிரி இருக்கும்போது எந்தெந்த மரபணு திறந்திருக்கிறது என்று கேட்பதே சரி.

பழையடிரெஸ்ஸர் | செவ்வாய், காலை 6.05

தம்பி நல்லா எழுதுறீங்க. நான் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கி, சளிக்கொப்புளத்துக்கெல்லாம் பிற்காலத்தில் அசைக்ளோவிர் கொடுத்தோம். அதுவும் ஹெர்பிஸ்தானே. இதற்கு ஏன் அதே மாத்திரை போதாது?

இன்னொன்று. நீங்கள் சொல்வது எனக்குத் தோட்டத்துப் பிரட்டு (காலையில் ஆளெடுக்கும் பெயரழைப்பு) மாதிரி படுகிறது. செக்ரோலில் எண்பது பேர் இருப்பார்கள், விடியற்காலை கிராணி (கணக்கர்) இன்று இன்னார் மட்டும் வேலைக்கு என்று பெயர் கூப்பிடுவார். மற்றவர்கள் லயத்தில்தான் இருப்பார்கள், ஓடிப்போகவில்லை. இங்கே கிராணி யார்?

நுண்ணுயிர்த்தம்பி | செவ்வாய், மதியம் 1.20

ஐயா, பிரட்டை இனி நானும் எடுத்துக்கொள்கிறேன்.

அசைக்ளோவிர் வேலை செய்ய இரண்டு ஆட்கள் வேண்டும். மருந்தை உசுப்பிவிட ஒரு வைரஸ் நொதி, அப்புறம் மருந்து போய் அடிக்க வைரஸின் சொந்த டிஎன்ஏ பிரதி இயந்திரம். இரண்டுமே வைரஸ் எழுந்து பெருகும்போது மட்டும் கூப்பிடப்படுபவை. மறைந்திருக்கும்போது வைரஸ் டிஎன்ஏவைப் பிரதி எடுப்பது நம் செல்லின் இயந்திரமே. மாத்திரைக்கு அடிக்க ஆளே இல்லை. அந்த டப்பா மாத்திரைக்கும் இதுவே பதில்: மறைந்த ஈபிவியை உடம்பிலிருந்து துடைத்தெடுக்கும் மருந்து இன்றுவரை கிடையாது.

கிராணி யார் என்பது நீளமான கதை, பொறுமையாகப் படியுங்கள்.

வைரஸ் டான்சிலில் இருக்கும் பி செல்லுக்குள் (எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும் வெள்ளணு) நுழைகிறது. நுழைந்ததும் கிட்டத்தட்ட முழு மறைவுப் படையையும் கூப்பிடும்: ஈபிஎன்ஏ வகைப் புரதங்கள் ஆறு, எல்எம்பி வகை மூன்று. இதை மூன்றாம் நிலை என்கிறார்கள். பி செல் ஏதோ கிருமியைக் கண்டதுபோல் தூண்டப்பட்டுப் பெருகுகிறது. ஆனால் இத்தனை புரதம் வெளியே காட்டினால் தொற்றிய செல்லைத் தேடிக் கொல்லும் வெள்ளணுக்களான டி செல்கள் சும்மா இருக்குமா? முக்கியமாக ஈபிஎன்ஏ3 குடும்பத்தை அடையாளம் கண்டு கொன்றுவிடும்.

தப்பிக்கும் செல்களில் பெயர்ப் பட்டியல் சுருங்குகிறது. ஈபிஎன்ஏ1, எல்எம்பி1, எல்எம்பி2 மட்டும். இரண்டாம் நிலை. ஒரு பி செல் பிழைத்திருக்க அதற்கு வெளியிலிருந்து இரண்டு சமிக்ஞை வேண்டும். ஒன்று உதவி டி செல்லிடமிருந்து சிடி40 என்ற வாங்கி வழியாக, இன்னொன்று தனக்குரிய கிருமிப்பொருள் வந்து ஒட்டுவதால். எல்எம்பி1 முதலாவதைப் போல நடிக்கிறது, எல்எம்பி2ஏ இரண்டாவதைப் போல நடிக்கிறது. யாரும் வந்து தொட வேண்டியதில்லை, எல்எம்பி1 எப்போதும் 'ஆன்' நிலையிலேயே இருக்கும். இதுதான் எனக்கு இந்த வைரஸில் மிகவும் பிடித்த, பயமும் தருகிற இடம்.

கடைசியில் அந்த செல் நினைவு பி செல்லாக மாறி ரத்தத்தில் சுற்றுகிறது. அங்கே வைரஸ் புரதம் எதுவுமே இல்லை. டி செல்லுக்குக் காட்ட ஒன்றும் இல்லாததால் ஆயுசுக்கும் பத்திரம். நல்ல ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் பத்து லட்சம் பி செல்லுக்கு ஒன்றிலிருந்து ஐம்பது வரை இப்படி இருக்கும். அந்த செல் எப்போதாவது பிரியும்போது மட்டும் ஈபிஎன்ஏ1 வருகிறது. அது வைரஸ் வளையத்தை நம் குரோமோசோமோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் செல் பிரியும்போது வளையம் தொலைந்துபோகும். ஈபிஎன்ஏ1-ன் நடுவில் கிளைசின், அலனின் என்ற இரண்டே அமினோ அமிலங்கள் மாறி மாறி வரும் நீளமான பகுதி ஒன்று இருக்கிறது. அதனால் அந்தப் புரதம் செல்லுக்குள் லேசில் துண்டாக்கப்படுவதில்லை. துண்டாகாவிட்டால் டி செல்லுக்குக் காட்ட முடியாது. வேலைக்கு வந்தே ஆக வேண்டிய ஒரே ஆள், கண்ணில் படாமல் வருகிறான்.

ஆறாம்படிவம் | செவ்வாய், மாலை 4.15

அண்ணா, நான் எஸ்டிபிஎம் பயாலஜி மாணவி. ஒரே டிஎன்ஏதானே, மூன்றாம் நிலையில் ஆறு ஈபிஎன்ஏவும் வந்தது, பிறகு ஈபிஎன்ஏ1 மட்டும் எப்படித் தனியாக வரும்? மற்றதை மூடினால் அதுவும் மூடாதா?

நுண்ணுயிர்த்தம்பி | செவ்வாய், இரவு 8.50

சரியான இடத்தில் கை வைத்தாய் தங்கச்சி. ஈபிஎன்ஏ1-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் இருக்கிறது. புரொமோட்டர் என்றால் மரபணுவிலிருந்து ஆர்என்ஏ எடுக்கத் தொடங்கும் இடம். தொற்றியவுடன் டபிள்யூபி என்ற புரொமோட்டர், அதன் பின் சிபி என்ற புரொமோட்டர். சிபியிலிருந்து மிக நீளமான ஆர்என்ஏ வரும், அதை வெட்டி ஒட்டும் விதத்தைப் பொறுத்து ஆறில் ஏதோ ஒரு ஈபிஎன்ஏ கிடைக்கும். பிறகு சிபியின் மேல் மெத்தில் குறிகள் படிகின்றன, அது அடைந்துபோகிறது. கூடவே ஈபிஎன்ஏ2, 3 எல்லாம் நின்றுவிடும். ஆனால் கியூபி என்று இன்னொரு புரொமோட்டர், ஈபிஎன்ஏ1-க்கு மட்டுமே போகிறது. அதில் மெத்தில் படிவதில்லை. முதல் நிலையிலும் (ஈபிஎன்ஏ1 மட்டும் வரும் நிலை) இரண்டாம் நிலையிலும் ஈபிஎன்ஏ1 அந்த வழியாக வருகிறது.

டிரெஸ்ஸர் ஐயா, கிராணி யார் என்றால் இதுதான்: மெத்தில் குறி பாதி, அந்த பி செல் அப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பது பாதி. வைரஸ் தனியாக முடிவெடுப்பதில்லை.

மூலிகைமணி | செவ்வாய், இரவு 9.40

இத்தனை விஞ்ஞானம் பேசி என்ன, கடைசியில் மருந்து இல்லை என்கிறீர்கள். நம் சித்தர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சூரணம் என்னிடம் இருக்கிறது, பேதி மூலம் வைரஸ் வெளியேறும். தேவைப்பட்டால் தனிச்செய்தி அனுப்பவும்.

நுண்ணுயிர்த்தம்பி | செவ்வாய், இரவு 10.25

மணி அண்ணே, சித்த மருத்துவத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பேதிதான் எனக்குக் கவலை. பேதி என்றால் நேர்வாளம் ஞாபகம் வருகிறதல்லவா? நேர்வாள எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த டிபிஏ என்ற ஃபோர்பால் எஸ்டரைத்தான் 1970-களின் இறுதியிலிருந்து ஆய்வுக்கூடங்களில் மறைந்திருக்கும் ஈபிவியை எழுப்பப் பயன்படுத்துகிறார்கள். தட்டில் வளரும் செல்லில் ஊற்றினால் பிஇசட்எல்எஃப்1 என்ற மரபணு திறக்கும். அது திறந்தால் மற்றவை வரிசையாகத் திறக்கும், வைரஸ் பெருகும். ஆப்பிரிக்காவில் திருகுகள்ளிப் பாலையும் இதே காரணத்துக்காக ஆராய்ந்திருக்கிறார்கள், குழந்தைகளின் தாடைக் கட்டி அதிகமாக வரும் பகுதிகளில் அந்தச் செடி நிறைய. உங்கள் சூரணத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டப்பாவில் எழுதியிராவிட்டால் வாங்குபவருக்கும் தெரியாது.

சிப்புட்மகன் | செவ்வாய், இரவு 10.31

ஐயோ, ரப்பர் பாலும் பால்தானே? அம்மா முப்பது வருஷம் கையில் பட்டுக்கொண்டிருந்தாரே.

நுண்ணுயிர்த்தம்பி | செவ்வாய், இரவு 10.44

குடும்பம் ஒன்றுதான், ஆனால் குடும்பம் ஒன்று என்பதால் சரக்கு ஒன்று ஆகாது. மரவள்ளியும் அதே குடும்பம், அவித்துத் தின்கிறோம். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

லேப்அக்கா | புதன், இரவு 11.05

நைட் ஷிஃப்ட் இடைவேளையில் எழுதுகிறேன். நான் மருத்துவமனை திசு லேப்பில் இருக்கிறேன், தம்பி சொல்கிற "எது திறந்திருக்கிறது" என்பதைக் கண்ணால் பார்க்கிற வேலை.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து எடுத்த சதைத்துணுக்கு மெழுகுக் கட்டியாக எங்களிடம் வரும். அதை நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவி கண்ணாடித் தகட்டில் ஒட்டுவோம். ஈபர் என்று இரண்டு குட்டி ஆர்என்ஏ, 170 எழுத்து நீளம்தான் இருக்கும், புரதமாக மாறாதவை. மறைந்த நிலையில் ஒரே செல்லுக்குள் பத்து லட்சம் பிரதி வரை குவிந்திருக்கும். அதனால்தான் அதைத் தேடுகிறோம். அதில் ஒட்டும் துணுக்கை ஊற்றி, ஊற வைத்து, கழுவி, நிறம் ஏற்றினால், கேன்சர் கூட்டத்தில் ஒவ்வொரு உட்கருவும் அடர் நீலமாக நிற்கும். சுற்றி ஈ மொய்த்தாற்போல் லிம்போசைட்டுகள் இருக்கும், அவை வெறும் ரோஸ். ஒரே தகட்டில் இப்படிப் பிரிந்து தெரிவதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முடிவு எழுதுவதற்கு முன் கட்டுப்பாட்டுத் தகடும் நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்போம், அதில் நீலம் ஏறாவிட்டால் மொத்தமும் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

சிப்புட்மகன் தம்பிக்கு நான் சொல்ல வருவது: அம்மா கொடுத்தது ரத்தம். அதில் பார்த்தது எதிர்ப்புப் பொருள். விசிஏ என்பது வைரஸின் மேலோட்டுப் புரதம், வைரஸ் பெருகும்போது மட்டும் உருவாவது. அதற்கு ஐஜிஜி வகை எதிர்ப்புப் பொருள் இருந்தால் எப்போதோ தொற்றியிருக்கிறது என்று அர்த்தம், அது கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும். ஐஜிஏ என்பது சளிச்சவ்வுப் பக்கத்து எதிர்ப்பு. மூக்குத்தொண்டைப் புற்று உள்ளவர்களில் அது அதிகம் காணப்படுவது உண்மை, அதனால்தான் சோதிக்கிறார்கள். ஆனால் நோய் இல்லாத எத்தனையோ பேருக்கும் ரியாக்டிவ் வரும். அந்தச் சிவப்பு வரி நோயின் பெயர் அல்ல.

பழையடிரெஸ்ஸர் | வியாழன், காலை 5.50

அக்கா சொன்னதில் ஒரு சந்தேகம். கட்டியில் எல்லா செல்லிலும் நீலம் என்கிறீர்கள். வைரஸ் பிறகு போய் ஒவ்வொன்றிலும் ஏறியதா, முதலிலிருந்தே இருந்ததா?

நுண்ணுயிர்த்தம்பி | வியாழன், மதியம் 12.40

முதலிலிருந்தே. 1986-ல் நான்சி ராப்-டிராப்பும் கேத்ரின் ஃபிளினும் இதை அழகாகக் காட்டினார்கள். வைரஸ் டிஎன்ஏவின் இரண்டு முனையிலும் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். உள்ளே வந்து வளையமாக ஒட்டும்போது எத்தனை துண்டு மிஞ்சும் என்பது ஒவ்வொரு தொற்றிலும் வேறுபடும். கட்டியில் பார்த்தால் எல்லா செல்லிலும் ஒரே எண்ணிக்கை. அப்படியானால் தொற்றிய ஒற்றைச் செல்லிலிருந்துதான் கட்டி முழுவதும் வளர்ந்திருக்கிறது.

மூக்கின் பின்னால் இருப்பது பி செல் இல்லை, உட்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியச் செல். அங்கே வைரஸ் நுழைந்தால் சாதாரணமாகப் பெருகிவிட்டுப் போகும், மறைந்து தங்காது. அந்த செல்லில் ஏற்கனவே குரோமோசோம் சேதம் இருந்தால்தான், குறிப்பாக 3, 9-ஆம் குரோமோசோம்களின் குட்டைக் கையில் இழப்பு, பி16 என்ற தடுப்பு மரபணு போய்விடுவது, அது வைரஸைத் தங்கவிடும் என்பதுதான் இப்போதைய விளக்கம். தங்கிய பிறகு இரண்டாம் நிலைப் பட்டியல் ஓடுகிறது: ஈபிஎன்ஏ1, எல்எம்பி2, பல கட்டிகளில் எல்எம்பி1. இவற்றைவிட மேலாக பார்ட் என்ற பகுதியிலிருந்து வரும் சுமார் 40 மைக்ரோ ஆர்என்ஏக்கள் (மற்ற மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏக்கள்), எக்கச்சக்கமாக. 2004-ல் வைரஸ்களிலேயே மைக்ரோ ஆர்என்ஏ முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இந்த ஈபிவியில்தான். இவை நம் செல்லின் தற்கொலை ஏற்பாட்டை அடக்குகின்றன. இவை புரதமே இல்லை என்பதால் இவற்றைப் பற்றி டி செல்லுக்கு ஒன்றும் தெரியாது.

உப்புமீனும் இந்தக் கதையில் வருகிறது. சீன முறையில் ஊறவிட்டு உப்பிட்ட மீனை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது புற்று வரவழைப்பது உறுதி என்ற பிரிவில், வைத்திருக்கிறது. ஈபிவியையும் 1997-ல் அதே பிரிவில் வைத்தது. மலேசியாவில் இந்தப் புற்று சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயூ மக்களிடமும் அதிகம், இந்தியர்களிடம் குறைவு. வைரஸ் எல்லாரிடமும் ஒன்றுபோல இருக்க, நோய் இப்படி இனத்துக்கு இனம், ஊருக்கு ஊர் வேறுபடுகிறதே, அதுவே சொல்கிறது வைரஸ் மட்டும் போதாது என்று.

கிட்னிஅண்ணன் | வியாழன், மாலை 6.30

குறுக்கே வருகிறேன். நான் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவன், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். என் டாக்டரும் ஈபிவி பார்க்க வேண்டும் என்றார். அதுவும் மூக்குத்தொண்டைப் புற்றுக்கா?

நுண்ணுயிர்த்தம்பி | வியாழன், இரவு 9.15

இல்லை அண்ணே, வேறு கட்டி, வேறு பட்டியல். உங்களுக்கு டி செல்லைத்தானே மாத்திரை அடக்குகிறது. டி செல் இல்லையென்றால் மூன்றாம் நிலை செல்கள் தைரியமாகப் பெருகலாம், அதனால் லிம்போமா (நிணநீர்ப் புற்று) வரக்கூடும். ஆனால் அந்தக் கட்டி எல்லாப் புரதத்தையும் காட்டிக்கொண்டு நிற்பதால், மாத்திரையின் அளவைக் குறைத்தாலே சில நேரம் சுருங்கிவிடும், டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் அதைத்தான் செய்து பார்ப்பார்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள், மாற்றிய கிட்னி போய்விடும். வேறொருவரின் ஈபிவி-எதிர் டி செல்லை வளர்த்து ஏற்றும் சிகிச்சைக்கு 2022 இறுதியில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. மூக்குத்தொண்டைப் புற்றில் அது அவ்வளவு சுலபமில்லை, காரணம் மேலே பார்த்த சுருங்கிய பட்டியல்.

லேப்அக்கா | வெள்ளி, அதிகாலை 2.10

சிப்புட்மகன், இப்போது என்ன செய்வது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.

ஹாங்காங்கில் 20,174 ஆண்களுக்கு ரத்த பிளாஸ்மாவில் வைரஸ் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்த்தார்கள், 2017-ல் வெளிவந்த ஆய்வு. இது எதிர்ப்புப் பொருள் சோதனையைவிடக் கூர்மையானது, செத்த கட்டி செல்லிலிருந்து உதிரும் துண்டுகளைப் பார்ப்பது. முதல் சோதனையில் 1,112 பேருக்கு இருந்தது. சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தபோது 309 பேருக்குத்தான் நின்றது. அவர்களில் பெரும்பாலோருக்கு மூக்குக் குழாய்க் கேமராவும் எம்ஆர்ஐயும் எடுத்ததில் 34 பேருக்குப் புற்று. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆரம்பக் கட்டத்தில் பிடிபட்டார்கள், அது பெரிய விஷயம். ஆனால் நோய் அதிகமுள்ள அந்த ஊரிலேயே 1,112-ல் 34 என்றால், சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ் அம்மாவின் ஐஜிஏ சிவப்பு வரிக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

அதற்காகக் கிழித்துப் போட வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) காட்டி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒரு சுராட் (கடிதம்) வாங்குங்கள். கேமரா வைத்துப் பார்ப்பது ஐந்து பத்து நிமிஷ வேலை. ஒரு பக்கக் காது மட்டும் அடைப்பு, எச்சிலில் அல்லது சளியில் ரத்தம், கழுத்தில் வலிக்காத கட்டி, பார்வை இரண்டாகத் தெரிவது, இதில் எது இருந்தாலும் முறை வரும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

சிப்புட்மகன் | அடுத்த வாரம் புதன், இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. போய் வந்தோம். டாக்டர் கேமராவில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார், ஆறு மாதம் கழித்து ரத்தம் திரும்ப எடுக்கச் சொன்னார். அம்மா வரும் வழியில் மீகூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தை இன்னும் அந்த டப்பா மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார், அவரிடம் பேச வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம். ஆறு மாதம் கழித்து எடுக்கும் ரத்தத்தை எந்த லேப்பில் வேண்டுமானாலும் கொடுக்கலாமா?

லேப்அக்கா | அடுத்த வாரம் புதன், இரவு 11.30

டாக்டர் அனுப்பும் இடத்திலேயே கொடுங்கள். ஒவ்வொரு லேப்பும் வேறு கிட் வைத்திருக்கும், ரியாக்டிவ் என்று சொல்லும் எல்லைக்கோடும் வேறு. இரண்டு லேப் எண்ணைப் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று சொல்ல முடியாது. பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள், அதில் கிட் பெயர் போட்டிருந்தால் அவர்களுக்கு உதவும்.